ஏ.என்.ஏ: ஸ்லைடில் 1:320, எலைசாவில் நெகட்டிவ். எதை நம்பி ரிப்போர்ட் கொடுப்பது?

பச்சைப்புள்ளி:

எல்லாருக்கும் வணக்கம். இம்யூனாலஜி பிரிவுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் ஆறு வருடம் பயோகெமிஸ்ட்ரியில் இருந்தேன். அங்கே ஒரே சாம்பிளை இரண்டு மெஷினில் போட்டால் எண் கொஞ்சம் முன்னே பின்னே வரும், அவ்வளவுதான். ஒரு மெஷின் சர்க்கரை இருக்கிறது என்றும் இன்னொன்று இல்லவே இல்லை என்றும் சொல்லாது. இங்கே அப்படித்தான் சொல்கின்றன.

எங்கள் லேபில் இதுவரை ஏ.என்.ஏ. (செல்லின் நியூக்ளியஸுக்கு எதிராக உடல் தானே உண்டாக்கும் ஆன்டிபாடி) ஸ்லைடில்தான். ஹெப்-2 என்ற வளர்ப்புச் செல் மேல் சீரத்தைப் போட்டு, ஆன்டிபாடி ஒட்டிய இடம் ஒளிர்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் இம்யூனோஃபுளோரசன்ஸ் முறை. 80 மடங்கு நீர்த்த 1:80-இல் தொடங்கிப் பார்ப்போம். சாம்பிள் கூடிக்கொண்டே போகிறது, ஸ்லைடு படிக்க ஆள் குறைவு. அதனால் எலைசா (ஆன்டிஜென், அதாவது ஆன்டிபாடி ஒட்டும் பொருள், பூசிய குழியில் சீரத்தைப் போட்டு மெஷினில் எண் எடுக்கும் முறை) ஸ்கிரீனிங்குக்கு மாறலாமா என்று பேச்சு வந்து, ஒரு மாதம் எல்லாச் சாம்பிளையும் இரண்டு முறையிலும் ஓட்டிப் பார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பெரும்பாலானவை ஒத்துப்போயின. ஒத்துப்போகாதவற்றில் இரண்டு என்னை விடமாட்டேன் என்கின்றன.

முதலாவது, 34 வயதுப் பெண். குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து, பிறகு நீலமாகின்றன என்று படிவத்தில் எழுதியிருந்தார்கள். ஸ்லைடில் 1:320 வரை நீர்த்தும் பாசிட்டிவ். நியூக்ளியஸுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் மட்டும் கொத்துக்கொத்தாக மின்னுகிறது. எலைசா இன்டெக்ஸ் 0.4, கட்-ஆஃப் 1.0.

இரண்டாவது, 51 வயதுப் பெண். கண்ணும் வாயும் வறண்டு போகின்றன. ஸ்லைடில் 1:80-இல் ஒன்றுமே தெரியவில்லை. எலைசா 3.6.

வேறு நாளில், வேறு கன்ஜுகேட்டில் (ஒட்டிய ஆன்டிபாடியைக் காட்டிக்கொடுக்கும் வினைப்பொருள்), புதிதாக நீர்த்து மறுபடி ஓட்டினேன். மாறவில்லை.

எங்கள் பிரிவில் ஒருவர் ‘ஸ்லைடுதான் கோல்டு ஸ்டாண்டர்டு, மற்றதை மறந்துவிடு’ என்கிறார். கிட் கொண்டுவந்தவரோ ‘ஸ்லைடு படிப்பவர் கண்ணைப் பொறுத்தது, எலைசா கொடுப்பது எண்’ என்கிறார். முதல் சாம்பிளில் ஸ்லைடை நம்பினால் இரண்டாவதில் எலைசாவை எப்படி நம்புவது? இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடும்போது எதை அளவுகோலாக வைப்பது? மூத்தவர்கள் இந்தத் தம்பிக்கு வழி சொல்லுங்கள்.

எண்களின்_நண்பன்:

நான் எலைசா பக்கம். ஒரே ஸ்லைடை இரண்டு பேர் பார்த்தால் ஒருவர் 1:160 என்பார், இன்னொருவர் 1:320 என்பார். மாலை ஆறு மணிக்குப் பார்த்த ஸ்லைடும் காலையில் பார்த்த ஸ்லைடும் ஒன்றல்ல. எலைசாவில் கண்ட்ரோல் சார்ட் போடலாம், லாட் மாறினால் பிடிக்கலாம். கட்-ஆஃபை 0.8-க்கு இறக்கிப் பாருங்கள், விட்டுப்போனவற்றில் சில உள்ளே வந்துவிடும். எந்தக் கட்-ஆஃப் சரி என்பதற்கு ஒரு ஆர்.ஓ.சி. கோடு (ஒவ்வொரு கட்-ஆஃபிலும் எவ்வளவு சரியாகப் பிடிக்கிறது, எவ்வளவு தவறாகப் பிடிக்கிறது என்று காட்டுவது) வரைந்தால் போதும்.

இருட்டறை:

தம்பி, கட்-ஆஃபில் கை வைக்காதீர்கள். நண்பர் சொன்ன கண்ட்ரோல் சார்ட் நல்ல விஷயம், அதை நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 0.4 வந்த சாம்பிளுக்கு அது மருந்தல்ல. குழியில் பூசாத ஆன்டிஜெனில் எந்த ஆன்டிபாடியும் ஒட்டாது, கட்-ஆஃபை எங்கே கொண்டுபோய் வைத்தாலும்.

கிட் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதத்தை விரித்து, எந்தெந்த ஆன்டிஜென் என்று பாருங்கள். டி.எஸ்.டி.என்.ஏ (இரட்டை இழை டி.என்.ஏ), எஸ்.எம், ஆர்.என்.பி, ரோ, லா, எஸ்.சி.எல்-70, ஜோ-1, சென்ட்ரோமியர் பி என்று பத்துப் பன்னிரண்டு பெயர் இருக்கும். நியூக்ளியோலஸில் இருக்கும் ஃபைப்ரில்லாரின் என்ற புரதம் அதில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. நியூக்ளியோலஸ் கொத்துக்கொத்தாக மின்னும் பேட்டர்னுக்கு ஐ.சி.ஏ.பி. என்ற பன்னாட்டுப் பேட்டர்ன் வகைப்பாட்டில் ஏ.சி-9 என்று பெயர். அதன் பின்னால் முதலில் தேட வேண்டியது ஃபைப்ரில்லாரினுக்கு எதிரான ஆன்டிபாடி. அதோடு விரல் வெளுக்கிறது என்றால் தோல் இறுகும் நோயான சிஸ்டமிக் ஸ்கிலிரோசிஸை நினைக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு எலைசா ரிப்போர்ட் மட்டும் போயிருந்தால், ‘ஒன்றும் இல்லை’ என்று மருத்துவர் நகர்ந்திருக்கக்கூடும்.

இருபத்திரண்டு வருடமாக இருட்டறையில் உட்கார்ந்து ஸ்லைடு படிக்கிறேன். எனக்கு ஸ்லைடு மேல் பிரியம் உண்டு, அதை மறைக்கவில்லை. 1948-இல் லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் எல்.இ. செல்லைக் கண்டுபிடித்த காலம் முதல் இந்தத் துறை கண்ணால் வளர்ந்த துறை. பிறகு எலியின் கல்லீரல், சிறுநீரகச் சீவல்களில் பார்த்தார்கள். அவற்றில் பிரிந்துகொண்டிருக்கும் செல் அபூர்வம் என்பதால் சென்ட்ரோமியர் பேட்டர்ன் கண்ணில் படுவதே கடினம். ஹெப்-2 வந்த பிறகுதான், பிரியும் செல்லின் நடுவே குரோமோசோம்கள் கூடும் மெட்டாஃபேஸ் தட்டில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்க முடிந்தது. குரல்வளைப் புற்றுச் செல் என்று பெயர் வாங்கிய ஹெப்-2, ஹீலா செல் கலந்து உண்மையில் ஹீலாவாகவே ஆகிவிட்டது என்று பிறகு தெரிந்தது. அதனால் நமக்கு நஷ்டம் இல்லை. நியூக்ளியஸ் பெரிது, பிரியும் செல்கள் ஏராளம், நூறு நூற்றைம்பது ஆன்டிஜென் ஒரே இடத்தில். தேர்ந்தெடுத்த ஆன்டிஜென்களைப் பூசும் குழியில் இவ்வளவு இருக்காது. அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி 2009-இல் ஏ.என்.ஏ.வுக்கு இம்யூனோஃபுளோரசன்ஸ்தான் கோல்டு ஸ்டாண்டர்டு என்று நிலைப்பாடு எடுத்ததற்குக் காரணமும் இந்தப் பரப்புதான்.

இப்போது உங்கள் இரண்டாவது சாம்பிள். அதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எழுத வேண்டும்.

நான் வேலைக்கு வந்த ஒன்பதாவது வருடம். 27 வயதுப் பெண், முதல் கர்ப்பம், மூட்டு வலி. ஏ.என்.ஏ. கேட்டிருந்தார்கள். ஸ்லைடை நான்தான் படித்தேன். 1:80, நெகட்டிவ். கண்ட்ரோல் சரியாக இருந்தது. இரண்டு வார்த்தையில் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: ‘ஏ.என்.ஏ. நெகட்டிவ்’. பதினான்கு வாரம் கழித்து ஸ்கேனில் சிசுவின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 58. முழு ஹார்ட் பிளாக், அதாவது இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்புச் செய்தி போகாத நிலை. அப்போதுதான், தாயிடமிருந்து சிசுவுக்குப் போய் இதயத்தைப் பாதிக்கக்கூடிய ரோ ஆன்டிபாடி கேட்டு எலைசாவுக்கு அனுப்பினார்கள். அளவின் உச்சியில் போய் நின்றது.

மைனஸ் இருபதில் வைத்திருந்த பழைய சீரத்தை எடுத்து அதே கிட்டில் மறுபடி ஓட்டினேன். என்னைத் தவிர மூன்று பேர் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் கவனக்குறைவாகப் படித்தேன் என்று தெரிந்திருந்தால்கூட மனம் ஒரு இடத்தில் நின்றிருக்கும். ரோ60 மரபணுவைக் கூடுதலாக ஏற்றிய ஹெப்-2000 செல்லில் அதே சீரத்தைப் போட்டபோது, அந்தச் செல்களின் நியூக்ளியஸ் பளீரென்று மின்னியது.

நடந்தது இதுதான். ரோ60 எளிதில் கரைந்து வெளியேறும் புரதம். ஸ்லைடு தயாரிக்கும்போது செல்லை ஆல்கஹாலில் நிலைப்படுத்தினால் அது கழுவிப்போகலாம். எந்தக் கம்பெனி எப்படி நிலைப்படுத்துகிறது என்பதைப் பொறுத்து ஒரு ஸ்லைடில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ரோ52 என்பது பெயரில்தான் உறவு, வேறு புரதம். அதற்கு மட்டும் ஆன்டிபாடி இருந்தால் வழக்கமான ஸ்லைடில் நியூக்ளியஸ் மின்னும் என்று எதிர்பார்க்க முடியாது. ஜோ-1, ரைபோசோமல் பி இரண்டும் நியூக்ளியஸுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் இருப்பவை. ‘நியூக்ளியஸ் மின்னவில்லை, ஆகவே நெகட்டிவ்’ என்று எழுதும் லேபில் அவையும் தப்பிப் போகும்.

அந்தக் குழந்தை பிழைத்தது. பேஸ்மேக்கரோடு. ரோ இருக்கும் தாய்மார்களில் நூற்றில் ஒன்றிரண்டு பேரின் குழந்தைக்குத்தான் இப்படி ஆகும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் தடுத்திருப்போம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் 16, 18 வாரத்திலிருந்தே சிசுவின் இதயத்தை எக்கோவில் பார்த்து வந்திருப்பார்கள். ஒரு தாய் தயாராக இருந்திருப்பாள். என் இரண்டு வார்த்தை அந்தக் கதவை மூடியது.

அதனால், தம்பி, ‘எது சரி’ என்ற கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டும். ஸ்லைடிடம் நாம் கேட்பது: ‘இந்தச் சீரத்தில் இருக்கும் ஏதாவது ஒன்று, நிலைப்படுத்திய இந்தச் செல்லில் எங்காவது ஒட்டுகிறதா?’ எலைசாவிடம் கேட்பது: ‘இந்தப் பன்னிரண்டு ஆன்டிஜெனில் ஒன்றிலாவது ஒட்டுகிறதா?’ உங்கள் இரண்டு சாம்பிளிலும் இரண்டு முறையும் தங்களிடம் கேட்டதற்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கின்றன. முதலாவதில் குழிக்கு வெளியே இருந்த ஆன்டிஜென். இரண்டாவதில், என் ஊகம், ஸ்லைடிலிருந்து கழுவிப்போன ரோ.

இதிலிருந்தே உங்கள் ‘அளவுகோல்’ கேள்விக்கும் பதில் வருகிறது. ஸ்லைடை அளவுகோலாக வைத்து எலைசாவை மதிப்பிட்டால், அந்த 51 வயது அம்மாவின் ரோ உங்கள் அட்டவணையில் ‘ஃபால்ஸ் பாசிட்டிவ்’ என்று பதிவாகும். எலைசாவை அளவுகோலாக வைத்தால் விரல் வெளுக்கும் பெண் ஃபால்ஸ் பாசிட்டிவ் ஆவார். இரண்டுமே அநியாயம். கப்பா எண் எவ்வளவு உயர்ந்து வந்தாலும் அது ஒத்துப்போகிறதா என்பதைத்தான் சொல்லும், யார் சொன்னது உண்மை என்று சொல்லாது. அளவுகோல் நோயாளிதான். ஒத்துப்போகாத ஒவ்வொரு சாம்பிளுக்கும் மருத்துவரைக் கூப்பிட்டு என்ன நோய் என்று கேளுங்கள். ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தை மட்டும் எதிர்ப்பக்கம் வைத்து ‘ஸ்பெசிஃபிசிட்டி’ (அந்த நோய் இல்லாதவரில் எத்தனை பேருக்குச் சரியாக நெகட்டிவ் வருகிறது என்பது) கணக்குப் போடாதீர்கள். தைராய்டு நோய், நாள்பட்ட தொற்று, கல்லீரல் நோய் என்று லூபஸ்போலத் தோற்றம் காட்டும் நோயாளிகளின் சாம்பிளும் அந்தப் பக்கம் வேண்டும். நிஜத்தில் நமக்கு வருகிறவர்கள் அவர்கள்தான்.

அடுத்த படியாக லைன் பிளாட். ஒரு ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு ஆன்டிஜெனும் தனித்தனிக் கோடு. முதல் சாம்பிளை ஃபைப்ரில்லாரின் உள்ள ஸ்கிலிரோசிஸ் ஸ்ட்ரிப்பிலும், இரண்டாவதை ரோ60, ரோ52 தனியாக உள்ள ஸ்ட்ரிப்பிலும் போடுங்கள். ரோவை ஒரே கோடாகக் காட்டும் ஸ்ட்ரிப் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: லைன் பிளாட்டில் மங்கலான கோடு விழுந்தால் ஸ்லைடைத் திரும்பப் பாருங்கள். ஸ்லைடின் பேட்டர்ன் அந்தக் கோட்டோடு பொருந்தாவிட்டால் அந்த மங்கலை நான் நம்புவதில்லை. தசை அழற்சி ஆன்டிபாடிகளில் இது மிக முக்கியம். அங்கே உண்மையான அளவுகோல் இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடி பிடித்த ஆன்டிஜெனை அதோடு வீழ்படிவாக்கிப் பார்ப்பது), ஆனால் அதைச் செய்யும் லேப்கள் சொற்பம்.

மூட்டும்_தசையும்:

ரிப்போர்ட்டை வாங்கும் மருத்துவர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மேலே இருட்டறை அக்கா எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய நோயாளிகள் சிலரின் ஃபைலை எடுத்துப் பார்க்கத் தோன்றியது.

தவறு எங்கள் பக்கமும் உண்டு. ‘உடம்பு வலி’ என்று வருகிற எல்லாருக்கும் ஏ.என்.ஏ. எழுதுகிறோம். 1997-இல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வில் ஆரோக்கியமானவர்களின் சீரத்தைப் பார்த்தபோது 1:40-இல் 31.7 சதவீதம் பேர் பாசிட்டிவ், 1:80-இல் 13.3, 1:160-இல் 5, 1:320-இல்கூட 3.3 சதவீதம். அறிகுறியே இல்லாதவருக்கு 1:80 வந்தால் அது நோயைவிடக் கவலையைத்தான் அதிகம் உண்டாக்கும். நியூக்ளியஸ் முழுக்க நெருக்கமான நுண்புள்ளிகளாக மின்னும் ஏ.சி-2 பேட்டர்ன், அதன் பின்னால் டி.எஃப்.எஸ்-70 ஆன்டிபாடி மட்டும், வேறெதுவும் இல்லை என்றால் லூபஸ் இருக்கும் வாய்ப்பு குறைகிறது. இந்தச் செய்தியை எலைசா ஸ்கிரீன் எனக்குத் தராது. ஆகவே பேட்டர்னைத் தயவுசெய்து எழுதுங்கள். டைட்டரையும், அதாவது எத்தனை மடங்கு நீர்த்தும் மின்னியது என்பதையும். 1:80-உம் 1:1280-உம் எனக்கு ஒரே ‘பாசிட்டிவ்’ அல்ல.

லூபஸுக்கான 2019 ஐரோப்பிய-அமெரிக்க வகைப்பாட்டில் நுழைவாயிலே ‘ஹெப்-2 செல்லில் 1:80 அல்லது அதற்கு மேல், அல்லது அதற்கு இணையான பாசிட்டிவ் டெஸ்ட், ஒருமுறையாவது’ என்பதுதான். அந்த ‘இணையான’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை உங்கள் முதல் சாம்பிள் காட்டுகிறது.

ஆனால் ஸ்லைடே எல்லா இடத்திலும் ராஜா என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏ.என்.சி.ஏ.வில் (இரத்தக்குழாய் அழற்சியில் வரும், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவுக்கு எதிரான ஆன்டிபாடி) கதை நேர் எதிராகப் போனது. 1999-இல் முதலில் ஸ்லைடு, கூடவே எலைசா என்று ஒப்புக்கொண்டிருந்தவர்கள், 2017-இல் தரமான பி.ஆர்-3, எம்.பி.ஓ. டெஸ்டையே முதலில் செய்யலாம், ஸ்லைடு கட்டாயமில்லை என்று மாற்றினார்கள். அங்கே நோயோடு சம்பந்தப்பட்ட ஆன்டிஜென் முக்கியமாக இரண்டே. எத்தனாலில் நிலைப்படுத்திய நியூட்ரோஃபிலில் ஏ.என்.ஏ.வே பி-ஏ.என்.சி.ஏ. (நியூக்ளியஸைச் சுற்றி ஒளிரும் வகை) போல வேஷம் போடும். தேட வேண்டியது எது என்று தெளிவாகத் தெரிந்த இடத்தில் நேராக அதைத் தேடுவது மேல். நரம்பியலில் இன்னொரு கோடி. அக்வாபோரின்-4, மாக் (எம்.ஓ.ஜி) என்ற இரண்டு நரம்பு மண்டலப் புரதங்களுக்கும் எதிரான ஆன்டிபாடியைப் பிடிக்க, புரதம் செல்லின் மேல் தன் இயல்பான வடிவத்தில் மடிந்து நிற்க வேண்டும். குழியில் காயவைத்துப் பூசினால் வடிவம் போய்விடுகிறது. அதனால் அவற்றுக்குச் செல் சார்ந்த சோதனையைத்தான் கேட்கிறோம். மாக்-ஐ எலைசாவில் செய்து அனுப்பினால் நான் அதை வைத்து எந்த முடிவும் எடுப்பதில்லை.

பச்சைப்புள்ளி:

இருட்டறை அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தக் குழந்தையைப் பற்றி எழுதியதற்கு நன்றி. எளிதாக எழுதியிருக்க மாட்டீர்கள்.

கிட் காகிதத்தைப் பார்த்தேன். ஃபைப்ரில்லாரின் இல்லை. முதல் சாம்பிளை வெளியே அனுப்பி ஸ்கிலிரோசிஸ் ஸ்ட்ரிப்பில் போடச் சொன்னேன். ஃபைப்ரில்லாரின் கோடு அடர்த்தியாக வந்திருக்கிறது, மற்ற கோடுகள் வெறுமை. இரண்டாவது சாம்பிள் எங்கள் ஸ்ட்ரிப்பிலேயே: ரோ60 அடர்த்தி, ரோ52 அடர்த்தி, லா மங்கல். ஸ்லைடை மறுபடி 1:80-இல் ஒரு மணி நேரம் பார்த்தேன். இப்போதும் எதுவும் தெரியவில்லை. தெரிந்துகொண்டு தேடியும் தெரியவில்லை.

ஒரு கேள்வி பாக்கி. டி.எஸ்.டி.என்.ஏ.விலும் இதே குழப்பம். எலைசாவில் 74 வந்த சாம்பிள் கிரித்தீடியா ஸ்லைடு டெஸ்டில் நெகட்டிவ். இங்கே ஆன்டிஜென் ஒன்றுதானே? டி.என்.ஏ. டி.என்.ஏ.தானே?

இருட்டறை:

தெரிந்துகொண்டு தேடியும் தெரியவில்லை என்று எழுதினீர்களே, அதை உங்கள் ஒப்பீட்டு அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். படிப்பவரின் கண் காரணமல்ல என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

டி.என்.ஏ. ஒன்றுதான், தம்பி. ஆனால் ஒட்டும் பிடி ஒன்றல்ல. முன்பு ஃபார் முறை இருந்தது. கதிரியக்கம் ஏற்றிய டி.என்.ஏ.வைச் சீரத்தோடு கலந்து, பாதிச் செறிவு அம்மோனியம் சல்பேட்டில் வீழ்படிவாக்குவார்கள். அந்த உப்பில் தளர்வாகப் பிடித்திருந்த ஆன்டிபாடி கையை விட்டுவிடும். இறுக்கமாகப் பிடித்தது மட்டும் டி.என்.ஏ.வோடு அடியில் இறங்கும். அதனால்தான் ஃபார் பாசிட்டிவ் என்றால் லூபஸ் என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்கள். கதிரியக்கப் பொருளைக் கையாளும் தொல்லையால் பெரும்பாலான லேப்கள் அதைக் கைவிட்டன.

1975-இல் வந்தது கிரித்தீடியா லூசிலியே. ஒற்றைச் செல் உயிர், வாலடியில் கைனட்டோபிளாஸ்ட் என்று ஒரு பொட்டலம். அதற்குள் இரட்டை இழை டி.என்.ஏ. அடைந்து கிடக்கிறது, டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதம் இல்லாமல். அந்தப் பொட்டு மின்னினால் மட்டுமே பாசிட்டிவ். நியூக்ளியஸ் மின்னுவது கணக்கில்லை, சாட்டையிழையின் அடியில் இருக்கும் பேசல் பாடி மின்னுவதும் கணக்கில்லை. புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் இது. நியூக்ளியஸும் கைனட்டோபிளாஸ்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் செல்லை விட்டுவிட்டு, இரண்டும் விலகி நிற்கும் செல்லைத் தேடிப் பாருங்கள். கிரித்தீடியா மிகவும் கறாரானது. அது சொன்னால் நம்பலாம். சொல்லாவிட்டால் இல்லை என்று ஆகாது, நிறைய லூபஸ் நோயாளிகளை அது விட்டுவிடும்.

எலைசா தளர்ந்த பிடியையும் சேர்த்துப் பிடிக்கும். போதாததற்கு டி.என்.ஏ. பிளாஸ்டிக்கில் தானாக ஒட்டாது. பாலி-லைசின் போன்ற ஏதாவது ஒன்றை இடையில் பூச வேண்டும், அந்தப் பசையிலேயே சில சீரம் ஒட்டிக்கொள்ளும். பூசிய டி.என்.ஏ.வில் அங்கங்கே இழை பிரிந்து ஒற்றை இழையாகக் கிடந்தால் அதற்கு எதிரான ஆன்டிபாடியும் எண்ணிக்கையில் சேரும். ஒற்றை இழை ஆன்டிபாடி பல நோய்களில் வரும். எனவே 74 எலைசா, நெகட்டிவ் கிரித்தீடியா என்பது முரண் அல்ல. ‘ஆன்டிபாடி இருக்கிறது, பிடி தளர்வாக இருக்கலாம்’ என்று பொருள். ஆரம்ப நிலை லூபஸாகவும் இருக்கலாம், லூபஸே இல்லாமலும் இருக்கலாம். சிறுநீரில் புரதம் உண்டா, இரத்தத்தில் சி3, சி4 (லூபஸ் தீவிரமானால் குறையக்கூடிய புரதங்கள்) என்ன என்று கேளுங்கள். 2019 வகைப்பாட்டில் டி.எஸ்.டி.என்.ஏ.வுக்கு ஆறு புள்ளி கொடுக்கும்போதே, பயன்படுத்தும் டெஸ்ட் குறைந்தது 90 சதவீத ஸ்பெசிஃபிசிட்டி காட்டியதாக இருக்க வேண்டும், அதுவும் நோயுள்ள வேறு ஆட்களோடு ஒப்பிட்டு, என்று நிபந்தனை வைத்தார்கள். காரணம் இதுதான்.

எங்கள் லேபில் முதலில் கெமிலூமினெசன்ஸ் (எலைசாபோலவே, ஆனால் வெளிவரும் ஒளியை அளக்கும் மெஷின் முறை), பாசிட்டிவ் என்றால் கிரித்தீடியா. இரண்டு பதிலையும் ரிப்போர்ட்டில் எழுதுகிறோம். ஒன்றை மற்றொன்றால் அடித்துத் திருத்துவதில்லை.

மஞ்சள்_ஃபைல்:

நான் லேப்காரி இல்லை. லூபஸ் நோயாளி, ஒன்பது வருடம். எல்லா ரிப்போர்ட்டையும் ஒரு மஞ்சள் ஃபைலில் வைத்திருக்கிறேன். உங்கள் பேச்சில் பாதி புரியவில்லை, ஆனால் ஒரு விஷயம் நெஞ்சில் தைத்தது.

போன வருடம் வேறு இடத்தில் இரத்தம் கொடுத்தேன். எப்போதும் 180, 200 என்று இருக்கும் டி.எஸ்.டி.என்.ஏ. 46 என்று வந்தது. இரண்டிலும் ஒரே ‘ஐ.யு.’ அலகுதான் போட்டிருந்தது. நோய் இறங்கிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். நானாகவே மாத்திரையைப் பாதியாக்கிக்கொண்டேன். நான்கு மாதத்தில் கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து, திரும்ப அட்மிஷன். அந்த 46-க்கும் 180-க்கும் சம்பந்தமே இல்லையா?

மூட்டும்_தசையும்:

அம்மா, உங்களுக்கு நேர்ந்ததைப் படிக்க வருத்தமாக இருக்கிறது. நேரடியாகச் சொல்கிறேன்: இரண்டு வேறு கிட்டில் வந்த எண்களை ஒன்றோடொன்று கழித்துப் பார்க்க முடியாது. ஐ.யு. என்று போட்டிருந்தாலும் முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வோ/80 என்ற ஒரே தரச் சீரத்தை வைத்து அளவு பிடித்தாலும், ஒவ்வொரு கிட்டும் வேறு மூலத்து டி.என்.ஏ.வை வேறு விதமாகப் பூசுகிறது. ஒன்றில் 46 என்பது இன்னொன்றில் 180 ஆக இருக்கலாம். உங்கள் ஃபைலில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எந்த முறை, எந்த லேப் என்று எழுதி வையுங்கள். முறை மாறிய இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ளவற்றை மட்டும் ஒன்றோடொன்று பாருங்கள். எண் இறங்கினாலும் என்னைப் போன்றவரிடம் கேட்காமல் மாத்திரையைத் தொடாதீர்கள். சி3, சி4, சிறுநீர்ப் புரதம் எல்லாம் சேர்த்துத்தான் நாங்கள் குறைப்போம்.

இன்னொன்று, ஏ.என்.ஏ.வை மாதாமாதம் பார்க்க வேண்டியதில்லை. நோய் ஏறி இறங்குவதை அது காட்டாது. டி.எஸ்.டி.என்.ஏ. பலருக்குக் காட்டும்.

லேப் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தத் தொல்லை டி.என்.ஏ.வோடு முடிவதில்லை. இரத்தம் தேவையின்றி உறையும் ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் நோய்க்கான 2023 வகைப்பாட்டில் கார்டியோலிப்பின் ஆன்டிபாடி 40 முதல் 79 வரை மிதமானது, 80-உம் அதற்கு மேலும் அதிகம் என்று எல்லை வைத்திருப்பது எலைசாவுக்கு. மெஷினில் கெமிலூமினெசன்ஸில் வந்த 85-ஐ எடுத்து அந்த எல்லையில் வைத்துப் பார்க்கிறார்கள். ரிப்போர்ட்டில் முறையின் பெயர் இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு அது தெரியவும் வழியில்லை.

பச்சைப்புள்ளி:

மஞ்சள்_ஃபைல் அக்கா, உங்கள் பதிவை எங்கள் லேப் கூட்டத்தில் வாசித்தேன், பெயர் எதுவும் இல்லாமல். அதற்கு முன்புவரை கிட் மாறினால் ரிப்போர்ட்டில் தனியாக ஒரு வரி போட வேண்டுமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வாசித்த பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கிட் மாறும்போது பழைய நோயாளிகளுக்கு ஒருமுறை இரண்டு கிட்டிலும் ஓட்டி இரண்டு எண்ணையும் கொடுப்பது என்றும் முடிவானது.

ஏ.என்.ஏ.வுக்கு ஸ்லைடு தொடர்கிறது. படிப்பவருக்கு உதவியாகப் படம் பிடித்துக் காட்டும் கருவி ஒன்று வாங்குவது பற்றிப் பேச்சு நடக்கிறது. எலைசா ஸ்கிரீனை விட்டுவிடவில்லை. ஸ்லைடு நெகட்டிவ் வந்து, படிவத்தில் வறட்சி, கர்ப்பம், தசை பலவீனம் என்று எது எழுதியிருந்தாலும் ரோ60, ரோ52, ஜோ-1 தனியாகப் பார்க்கிறோம். கர்ப்பம் என்ற வார்த்தைக்குப் படிவத்தில் ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்திருக்கிறோம், இருட்டறை அக்கா.

நெகட்டிவ் ரிப்போர்ட்டின் புது வாசகம் இப்படி: ‘ஹெப்-2 செல், இம்யூனோஃபுளோரசன்ஸ், 1:80-இல் நியூக்ளியஸ், சைட்டோபிளாசம், பிரியும் செல் எதிலும் ஒளிர்வு இல்லை. இம்முறையில் ரோ, ஜோ-1, ரைபோசோமல் பி ஆன்டிபாடிகள் தென்படாமல் போகலாம். அறிகுறி இருந்தால் தனியாகக் கேட்கவும்.’ நீளம் என்று தட்டச்சு செய்பவர் சொல்கிறார். குறைக்க இடம் இருந்தால் சொல்லுங்கள்.

விரல் வெளுக்கும் பெண்ணின் மருத்துவரிடம் பேசிவிட்டேன். நுரையீரல் அழுத்தம் பார்க்க எக்கோவுக்கு எழுதியிருக்கிறார். 51 வயது அம்மாவின் மருத்துவரை இன்று இரண்டு முறை கூப்பிட்டும் கிடைக்கவில்லை. காலையில் ஓ.பி. தொடங்கும் முன் நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன்.

இருட்டறை:

வாசகத்தில் எதையும் குறைக்காதீர்கள், தம்பி. அந்த அம்மாவின் சீரத்தில் இரண்டு சிறு குழாய் மைனஸ் இருபதில் எடுத்து வையுங்கள். அடுத்த ஸ்லைடு லாட் வரும்போது முதலில் அதைப் போட்டுப் பார்க்கலாம்.